ஒரு வார்த்தை கேட்கப் போனவர்

ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் ஆமத்தூர் சங்கிலிமுத்து வீட்டில் யாரும் வெளியே கிளம்ப மாட்டார்கள். அமெரிக்காவிலிருந்து மகன் முனியராஜ் வீடியோவில் வருவான். சின்னத்தாய் குளித்துத் தலைவாரி, டிவி ஸ்டாண்டில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொள்வாள். சங்கிலிமுத்து பனியனுக்கு மேல் சட்டை போட்டுக்கொள்வார். பெற்ற மகனோடு பேசச் சட்டை எதற்கு என்றால், பின்னால் மருமகள் செல்வலட்சுமி வருவாளே என்பார்.

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவர் போர்மேன். மகன் இன்ஜினியரிங் படித்து அமெரிக்கா போனதிலிருந்து கம்பெனி வேனில் அவருக்குத் தனி மரியாதை, கூடவே தனிக் கேலியும்.

"மகன் டாலரா அனுப்புதாரு. நீங்க என்னடான்னா எங்க கூட வேன்ல இடிபட்டு வாரீக" என்பாள் பாண்டிச்செல்வி. பேன்சி வெடிக்கு மருந்து அடைப்பதில் அவளை மிஞ்ச அந்தக் கம்பெனியில் ஆள் கிடையாது. வாயும் அப்படித்தான்.

"நீ போயி மருந்த அடை தாயி. என் வாய அடைக்காத" என்பார் இவர். வேன் முழுக்கச் சிரிக்கும்.

அந்த ஞாயிறு முனியராஜின் முகமே சரியில்லை.

"அப்பா, ஒரு விசயம் சொல்லுதேன். ஊர்ல யார்ட்டயும் மூச்சு விட்றாதீக" என்று ஆரம்பித்தான்.

அவனை அமெரிக்காவுக்குக் கூட்டிப்போனது சபரிநாதன் என்பவரின் கம்பெனி. சபரிநாதன் விருதுநகர்க்காரர். அங்கே போய்க் கம்பெனி வைத்து, இங்கிருந்து படித்த பிள்ளைகளுக்கு விசா எடுத்து, அந்த ஊர்ப் பெரிய கம்பெனிகளுக்கு வேலைக்கு அனுப்புகிறவர். பெரிய கம்பெனி கொடுக்கிற பணம் நேரே அவர் கைக்குப் போகும். அவர் எடுத்துக்கொண்டது போக மிச்சம்தான் வேலை செய்கிறவனுக்கு. முனியராஜ் பல வருஷமாக ஒரே பெரிய கம்பெனியில்தான் வேலை பார்க்கிறான். போன வருஷம் பக்கத்து நாற்காலிக்கு அந்த ஊர்ப் பையன் ஒருவன் புதிதாக வந்தான். அவனுக்கு வேலை சொல்லிக்கொடுத்ததே இவன்தான். அந்தப் பையன் ஒருநாள் சாப்பிடும்போது, தன் சம்பளம் இவ்வளவு என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டான். இவனுக்கு வருவது அதில் பாதிகூட இல்லை.

"போயி கேக்க வேண்டியதுதானலே" என்றார் சங்கிலிமுத்து.

"கேட்டேம்ப்பா. இஷ்டம் இருந்தா இரு, இல்லன்னா போன்னுட்டாக. எங்கன போக? விசா அவுக கம்பெனி பேர்ல இருக்கு. வேலைய விட்டா ரெண்டு மாசத்துக்குள்ள இன்னொரு கம்பெனி என்னைய எடுக்கணும். இல்லன்னா பெட்டியக் கட்டணும். லட்சுமிக்கு இது ஏழாம் மாசம்."

பிறகு குரலைத் தாழ்த்தி நல்ல செய்தியைச் சொன்னான். அந்தப் பெரிய கம்பெனியே அவனை நேரடியாக எடுத்துக்கொள்ள முன்வந்திருக்கிறது. விசாவையும் மாற்றிக்கொள்வார்கள். அந்த ஊர்ப் பையனுக்கு என்ன சம்பளமோ அதுவே இவனுக்கும். அடுத்த வாரம் கையெழுத்து. அதுவரை வெளியே தெரியக் கூடாது.

"அம்புட்டுதாம்ப்பா. அதுக்கப்புறம் நானும் மனுசன் மாதிரி இருப்பேன்."

சின்னத்தாய் இருக்கன்குடி மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். சங்கிலிமுத்துவுக்கும் சந்தோஷம்தான். ஆனால் மனசுக்குள் ஒன்று உறுத்தியது. கூட்டிப்போன முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கிளம்புவது முறையா?

இந்த முறை எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். அவர்கள் வட்டாரத்துப் பட்டாசுக் கம்பெனிகளில் எழுதி வைக்காத வழக்கம் ஒன்று உண்டு. வேறு கம்பெனிக்கு மாற நினைக்கிறவர், வீட்டுப் பெரியவரோடு வெற்றிலை பாக்கு பழம் எடுத்துக்கொண்டு பழைய போர்மேன் வீட்டுக்குப் போக வேண்டும். அவர் மனம் வைத்து, புதுக் கம்பெனிக்குப் போன் போட்டு, 'நம்ம ஆளுதான், எடுத்துக்கங்க' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த வார்த்தை இல்லாமல் போனால் எந்தக் கம்பெனியிலும் கேட்டைத் திறக்க மாட்டார்கள். சங்கிலிமுத்து வீட்டுக்கு வந்த பழங்கள் கொஞ்சமா நஞ்சமா? காபி கொடுப்பார், நலம் விசாரிப்பார், சீசன் முடியட்டும் பார்க்கலாம் என்று அனுப்பிவைப்பார். பட்டாசுக்குச் சீசன் என்றைக்கு முடிந்தது? அவர் கெட்ட மனுஷர் இல்லை. அதை ஒழுங்கு என்று நினைத்தார், அவ்வளவுதான்.

சபரிநாதன் கோயில் நேர்த்திக்கடனுக்காக விருதுநகர் வந்திருக்கிறார் என்று திங்கட்கிழமை காதில் விழுந்தது. சின்னத்தாய் தடுத்துப் பார்த்தாள்.

"அவன்தான் யார்ட்டயும் சொல்ல வேணாம்னானே."

"ஊர்ல சொல்ல வேணாம்னான். மொதலாளி ஊராளாக்கும்? கேக்காமப் போனவன்னு பேரு விழுந்தா நாளைக்கு எவன் சேத்துக்குவான் இவன? நா போயிக் கேட்டா மறுக்க மாட்டாரு. நம்ம ஜில்லாக்காரரு."

அடப் பாவமே, இந்த மனுஷரை யார் தடுப்பது? வெற்றிலை பாக்கு, ஆப்பிள், ஆரஞ்சு, மேலே ஒரு பேன்சி வெடிப் பெட்டி. தட்டை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் போனார்.

சபரிநாதன் வாசலுக்கே வந்து கூட்டிப்போனார். சோபாவில் உட்கார வைத்தார்.

"முனியராஜ் தங்கமான பையன்யா. நீங்க வளத்த வளப்பு அப்படி. இப்ப என்ன விசயமா வந்தீங்க?"

"அவனுக்கு ஒரு எடத்துல நல்லபடியா கூப்பிடுதாகளாம் மொதலாளி. நீங்க ஒரு வார்த்தை சொல்லி, சந்தோசமா அனுப்பி வைக்கணும்."

"அப்படியா? எந்தக் கம்பெனி?"

சொன்னார். என்றைக்குக் கையெழுத்து என்பதையும் சொன்னார். கேட்காத விவரத்தையும் சேர்த்துச் சொன்னார். சபரிநாதன் பழத்தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"ரொம்பச் சந்தோசம்யா. நீங்க கவலைப்படாமப் போங்க. நான் பாத்துக்கறேன்."

வீடு திரும்பிய சங்கிலிமுத்து, நம்ம ஊர் மனுஷன் மனுஷன்தான் என்று சின்னத்தாயிடம் அன்றைக்கு முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து, அவர் வேனுக்குக் கிளம்புகிற நேரத்தில் போன் அடித்தது. வீடியோ இல்லை, குரல் மட்டும்.

"அப்பா, சபரிநாதன் சாரப் பாக்கப் போனீகளா?"

"ஆமலே. நல்ல மனுசன். சந்தோசம்னு சொன்னாரு."

"அவருக்குச் சந்தோசமாத்தாம்ப்பா இருந்திருக்கும். 'எங்க ஆள நீங்க எடுக்கக் கூடாது'ன்னு ரெண்டு கம்பெனிக்கும் ஒப்பந்தம் இருக்காம். கேஸ் போடுவேன்னு அந்தக் கம்பெனிய மிரட்டிட்டாரு. அவுக வேணாம்னு ஒதுங்கிட்டாக. என்னைய வேற ஊருக்கு மாத்திட்டாரு. பழைய சம்பளந்தான். போகலன்னா விசாவ ரத்து பண்ணிருவாராம். லட்சுமிய இப்ப எங்கனப்பா தூக்கிட்டு அலைவேன்?"

"கேட்டுட்டுப் போறதுதானலே முறை."

"கேட்டா விட்டுருவாகன்னு எப்படிப்பா நம்புனீக? நீங்க யாரையாச்சும் விட்டிருக்கீகளா?"

அவன் கோபமாகக் கேட்கவில்லை. களைத்துப் போய்க் கேட்டான். அதுதான் தாங்க முடியவில்லை. போனை வைத்துவிட்டுத் திரும்பினால் சின்னத்தாய் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். சாப்பாட்டுத் தூக்கை நீட்டினாள். அதை வாங்கிக்கொண்டு வேன் ஏறினார்.

கம்பெனி வாசலிலேயே மேனேஜர் பாலகுரு அவரை ஆபீஸ் அறைக்குள் கூப்பிட்டார்.

"நம்ம பாண்டிச்செல்வி கிழக்க இருக்க கம்பெனில போயிப் பேசிட்டு வந்திருக்கா. நம்மட்ட கேக்கவே இல்ல. அந்தப் போர்மேனுக்கு ஒரு போன் போட்டு, எடுக்கக் கூடாதுன்னு சொல்லிரும்."

சங்கிலிமுத்து போனை எடுக்கவில்லை.

"சார், அவ வேலைக்கு நம்ம குடுக்கது கம்மி. அதான் போறா."

"அது எனக்குத் தெரியாதாக்கும்? தெரிஞ்சுதான போன் போடச் சொல்லுதேன்."

"நா போட மாட்டேன் சார். இங்கன நம்ம செய்யிறதத்தான் அங்கன என் மகனுக்குச் செஞ்சுட்டாக. அவன் படிச்சவன், இவ படிக்காதவ. ரெண்டு பேரு கழுத்துலயும் கெடக்கது ஒரே கயிறுதான். விட்டுட்டுப் போக வழியிருக்கவனுக்குத்தான் சார் நியாயமான சம்பளம் கெடைக்கும். வழிய அடைச்சுட்டு எம்புட்டுக் குடுத்தாலும் அது சம்பளம் இல்ல, திருட்டு. அமெரிக்காவா இருந்தா என்ன, வெம்பக்கோட்டையா இருந்தா என்ன?"

பாலகுரு திட்டவில்லை. மேசை மேலிருந்த போனை எடுத்து அவரே நம்பரைப் போட்டார்.

"வணக்கம்ண்ணே. பாண்டிச்செல்வின்னு ஒருத்தி வருவா, எடுத்துறாதீக. நம்ம சங்கிலிமுத்து சொல்லச் சொன்னாரு. ஆமா, பக்கத்துலதான் நிக்காரு."

சங்கிலிமுத்து போனைப் பிடுங்கக் கையை நீட்டுவதற்குள் பேச்சு முடிந்துவிட்டது.

அவர் வேகமாக நடந்து மருந்து அடைக்கிற அறைக்குப் போனார். பாண்டிச்செல்வி கை நிறையக் கரி மருந்தோடு நிமிர்ந்து பார்த்தாள்.

"தாயி, உன் வழிய அடைச்சுட்டாக. நா சொல்லல தாயி. ஆனா என் பேரச் சொல்லி அடைச்சுட்டாக."

அவள் முகத்தில் கோபம் வரவில்லை. அடுத்த வெடிக் குழாயை எடுத்து நிமிர்த்தி வைத்தாள்.

"இதுக்கு முந்தி மட்டும் யாரு பேரச் சொல்லிண்ணே அடைச்சாக?" என்று கேட்டுவிட்டு, மருந்தை அள்ளினாள்.