வாயசைப்பு

சவப்பெட்டி சபையின் பக்கவாட்டுக் கதவில் மாட்டிக்கொண்டது.

ஆறு பேர் தூக்கி வந்திருந்தார்கள். இரும்பாலையில் வேலை பார்த்த தோள்கள்தான், ஆனால் கதவின் அகலம் போதவில்லை. "கொஞ்சம் சாய்ச்சுக்கலாம்" என்றார் முன்னால் நின்றவர்.

"சாய்க்கிறதுக்கு அது என்ன பீரோவா?" டெஸ்ஸா பெரியம்மா கைத்தடியைப் படியில் தட்டினாள். "உள்ள என் தங்கச்சி இருக்கா. பெரிய கதவைத் திறங்க."

"பெரிய கதவு முன்னாடி ஐஸ் கட்டிக் கிடக்கு அக்கா."

"அப்ப உடைங்க."

இரண்டு பேர் மண்வெட்டியோடு முன்பக்கம் ஓடினார்கள். ரெனிட்டா பனியில் நின்றபடி பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொள்ள அவசியம் இல்லை. நேற்று சவப்பெட்டி விற்கிறவர் அவள் முகத்தைப் பார்க்காமல், "அம்மாவுக்கு அகல அளவுதான் வரும்" என்று சொல்லியிருந்தார். அம்மா கேட்டிருந்தால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பாள். 'செத்தும் எனக்கு சைஸ் கிடைக்கல பாரு' என்றிருப்பாள். இங்கே யாரும் சிரிக்கவில்லை. ஏரியிலிருந்து காற்று கத்தியாக வந்துகொண்டிருந்தது.

போதகர் விட்லாக் கோட்டுப் பொத்தானைக்கூடப் போடாமல் ஓடி வந்தார். துக்க வீட்டு முகம் அல்ல அது.

"ரெனிட்டா, சிகாகோவிலேர்ந்து போன் வந்தது. ஜிசெல் வர்றாங்க! அந்த ஜிசெல்தான். டி.வி.க்காரங்களும் கூட வர்றாங்களாம். முதல் வரிசைல ஒரு இடம் வேணுமே. உங்க பெரியம்மா பக்கத்துல ரெண்டு பேரைப் பின்னால அனுப்பிட்டா..."

"அவளை யாரு கூப்பிட்டா?" என்றாள் டெஸ்ஸா.

"கூப்பிடாமலே வர்றாங்க சிஸ்டர். அதுதானே பெரிய மனசு. நம்ம எர்லீன் அவங்களுக்குப் பின்னணி பாடினவங்க இல்லையா? நம்ம சபைக்கே பெருமை."

டெஸ்ஸா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "பத்து வருஷம் முன்னாடி அவளுக்குப் பாடின பாட்டுக்குத்தானே ஐயா என் தங்கச்சியைப் பாடகர் குழுவை விட்டு நீக்கினீங்க?"

போதகருக்கு அது காதில் விழவில்லை. அல்லது விழாத மாதிரி கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டார். முன்பக்கம் ஐஸ் உடையும் சத்தம் கேட்டது.

எர்லீன் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். நானூறு பிள்ளைகளுக்குச் சோளரொட்டி சுடுவாள். ஞாயிற்றுக்கிழமை சபையில் பாடுவாள். அவள் பாட எழுந்தால், பின் வரிசையில் தூங்குகிற கிழவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். யாரோ சொல்லி யாரோ அழைத்து, ஒருநாள் சாயங்காலம் சிகாகோவில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனாள். நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டாள். மூன்று மணி நேரம் பாடிவிட்டுக் கடைசி ரயிலில் திரும்பி வந்தாள். அடுத்த வசந்தத்தில் அந்தப் பாட்டு ஊரெல்லாம் ஒலித்தது. சலூனில், காரில், ரோலர் ஸ்கேட்டிங் அரங்கில், எங்கே போனாலும் 'என்னைப் பார், கண்ணைத் திருப்பாதே' என்று எர்லீன் குரல்.

முதல் தடவை அது டி.வி.யில் வந்தபோது அம்மா துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். ரெனிட்டாவுக்குப் பதின்மூன்று வயது. "அம்மா, உன் பாட்டு!" என்று கத்தினாள். திரையில் வெளிர்நிறத் தோலும் இடுப்புவரை முடியுமாக ஒல்லியான பெண் ஒருத்தி கையை உயர்த்தி ஆடினாள். அவள் வாய் திறந்தது. உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. பாட்டு முடிகிறவரை இஸ்திரிப் பெட்டி ரெனிட்டாவின் பள்ளிச் சட்டைமேல் அப்படியே இருந்தது.

மறுநாள் அம்மா கம்பெனிக்குப் போன் செய்தாள். கம்பெனி ஆள் மரியாதையாகத்தான் பேசினான். குரல் வைரமாம். ஆனால் உருவம் விற்காதாம். கையெழுத்துப் போட்ட தாளை ஒருமுறை படித்துப் பார்க்கச் சொன்னான். வெளியே பேசினால் கேஸ் வருமாம்.

"கறுப்பா இருக்கேன், குண்டா இருக்கேன், நாப்பது வயசாகுது. இந்த மூணுல எதுக்கு நான் வெக்கப்படணும்?" என்று அம்மா கேட்டாள். "தொப்பை தள்ளின வெள்ளைக்காரன் எத்தனை பேரு டி.வி.ல நின்னு பாடுறான்? அவன் உருவம் மட்டும் எப்படிய்யா விக்குது?" மறுமுனையில் போனை வைத்துவிட்டார்கள்.

ஊரிலும் அப்படித்தான். கிளப்பில் ஒலிக்கிற பாட்டைப் பாடினாள் என்று போதகர் அவளைப் பாடகர் குழுவிலிருந்து இரண்டு வருஷம் விலக்கி வைத்தார். சனிக்கிழமை இரவெல்லாம் சிகாகோ மதுக்கடைகளில் வாசித்துவிட்டு, சிவந்த கண்ணோடு வந்து ஆர்கன் முன் உட்காரும் பிரதர் ஹோரஸை யாரும் ஒன்றும் கேட்டதில்லை. அந்தப் பிப்ரவரியில், கறுப்பின வரலாற்று மாதம் என்பதால், நம் இனத்தின் பெருமை என்று போதகர் நாலு வாரம் பிரசங்கம் செய்தார். நாலு வாரமும் எர்லீன் கடைசி வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். சலூன்களிலோ ஜிசெல்லின் படம் ஏறியிருந்தது. 'நம்ம பொண்ணு ஒருத்தி எவ்வளவு உயரத்துக்குப் போயிட்டா' என்றார்கள். "வெளுத்த தோல்னா மட்டும் எல்லாருக்கும் பெருமை பொத்துக்கிட்டு வருது" என்பாள் டெஸ்ஸா.

ரெனிட்டாவும் அந்தப் படத்தைக் கேட்டாள். பள்ளியில் எல்லோரிடமும் இருந்தது. பாடியது தன் அம்மா என்று ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். வகுப்பே சிரித்தது. அதன்பின் சொல்லவில்லை. "எனக்கும் ஜிசெல் படம் வேணும்" என்று அடம்பிடித்தாள். ஒரு வெள்ளிக்கிழமை அம்மா ஒரு சுருளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். 'ரெனிட்டாவுக்கு, அன்புடன் ஜிசெல்' என்று கையெழுத்தே இருந்தது. "வேலை செய்யற இடத்துல ஒருத்தி வாங்கித் தந்தா" என்றாள். நாலு வருஷம் அது கட்டிலுக்கு மேலே தொங்கியது. ஒருநாள் அதன் ஓரம் பிரிந்து தொங்கியபோது, அம்மா நாற்காலி போட்டு ஏறி, டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்து ஒட்டியதை ரெனிட்டா கதவருகே நின்று பார்த்தாள். உள்ளே போகவில்லை.

பிறகு சர்க்கரை நோய் வந்தது. சிறுநீரகம் போனது. கடைசி வாரம் தொண்டையில் குழாய் போட்டிருந்ததால் அம்மா எதுவுமே பேசவில்லை.

ஜிசெல் கறுப்புக் கண்ணாடியோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள். தோளில் கேமராவோடு ஒருவன் தூணருகே நின்றான். டெஸ்ஸா இடத்தை விட்டு அசையவில்லை. ஆகவே ஜிசெல் அவளுக்கும் ரெனிட்டாவுக்கும் நடுவே ஒடுங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அவளிடமிருந்து விலை உயர்ந்த வாசனை வந்தது. கண்ணாடியைக் கழற்றியபோது ரெனிட்டா பக்கவாட்டில் பார்த்தாள். இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயதுதான் இருக்கும். அப்படியென்றால் அப்போது பத்தொன்பது. இன்றைய தன்னைவிடச் சின்னவள்.

ஜெபம் முடிந்தது. வசனம் முடிந்தது. போதகர் மைக்கைப் பிடித்தார்.

"நம் இனத்துக்கே பெருமை தேடித் தந்த ஒரு மகள் இன்னைக்கு நம்ம நடுவுல இருக்காங்க. நம்ம சிஸ்டர் எர்லீன் பின்னால நின்னு பாடிக் கொடுத்தாங்களே, அந்தப் பாட்டுலேர்ந்து ரெண்டே ரெண்டு வரி பாடி அவங்களை வழியனுப்பும்படி ஜிசெல்லைக் கேட்டுக்கறேன்."

ஜிசெல் தலையை ஆட்டி மறுத்தாள். ஜனங்கள் கைதட்டினார்கள். கேமராவின் விளக்கு எரிந்தது. வேறு வழியில்லாமல் எழுந்து போனாள். ஹோரஸ் அந்த மெட்டை, துக்கத்துக்கு ஏற்ற மாதிரி மெதுவாக, ஆர்கனில் எடுத்தார்.

பாட்டு ஆரம்பிக்கிற இடம் வந்தது. ஜிசெல்லின் முகவாய் உயர்ந்தது. கண்கள் மூடின. கழுத்து நரம்பு புடைத்தது. உதடுகள் 'என்னைப் பார்' என்று திறந்தன. ஒரு பிசகு இல்லை. சத்தம் மட்டும் வரவில்லை.

மைக் பழுது என்று நினைத்து யாரோ பின்னால் போனார்கள். ஹோரஸ் மெட்டை மறுபடி முதலிலிருந்து எடுத்தார். மறுபடியும் உதடுகள் திறந்தன. அவளுக்கே தெரியாமல், பழக்கத்தில், அவை அசைந்துகொண்டிருந்தன. ஆர்கன் நின்றது.

இது முடியவே கூடாது என்று ரெனிட்டாவுக்குத் தோன்றியது. எழுந்து போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து அழைத்து வரலாம், மகள் என்ற முறையில் அவளால் முடியும். அவள் எழுந்திருக்கவில்லை.

"பாடும்மா" என்றாள் டெஸ்ஸா. குரலை உயர்த்தக்கூட இல்லை. "இத்தனை வருஷமா பாடுறியே. பாடு."

ஜிசெல் கண்ணைத் திறந்தாள். கூட்டத்தைப் பார்க்கவில்லை, பெட்டியைத்தான் பார்த்தாள்.

"அது நான் இல்ல" என்றாள். மைக்கில் அது மெலிசாக, கரகரப்பாக விழுந்தது. "இவங்கதான். முழுப் பாட்டும் இவங்கதான். நான் ஒரு வரிகூடப் பாடல."

பாடகர் குழுவின் பின் வரிசையில் நரைத்த தலை ஒன்று எழுந்தது. எர்லீன் பக்கத்தில் நின்று இருபது வருஷம் பாடியவள். "எங்களுக்குத் தெரியும்" என்றாள். "அந்தக் குரலை எங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் சும்மா இருந்தோம்."

ஹோரஸ் ஆர்கனின் மூடியைச் சாத்தினார். "ஜெபிப்போம்" என்றார் போதகர்.

கல்லறைத் தோட்டத்தில் நிலம் உறைந்து கிடந்ததால் குழி வெட்ட இயந்திரம் வந்திருந்தது. எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்தது. கார்களை நோக்கி நடக்கும்போது ஜிசெல் பின்னாலேயே வந்தாள். குதிகால் உயர்ந்த செருப்பு பனியில் வழுக்கியது.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

ரெனிட்டா நின்றாள்.

"என் பேரு ஜிசெல்கூட இல்ல. வாண்டா. நானும் பாடத்தான் போனேன். உன் குரல் வேண்டாம், வாயை மட்டும் அசைன்னாங்க." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "உங்கம்மாவை ஒரு தடவை பாத்திருக்கேன். இங்க பக்கத்துல ஒரு மால்ல கையெழுத்துப் போட உக்கார வெச்சிருந்தாங்க. நீளமா வரிசை. எல்லாம் சின்னப் பசங்க. நடுவுல ஒரு பெரிய அம்மா, சமையல்காரங்க போடற வெள்ளை டிரஸ்ஸோட நின்னாங்க. ரெண்டு மணி நேரம் நின்னிருக்கணும். படத்தை நீட்டி, 'ரெனிட்டாவுக்குன்னு போடும்மா, அவளுக்கு உன்னை ரொம்பப் பிடிக்கும்'னாங்க. அவங்க வாயைத் திறந்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அந்தக் குரல்தானே எனக்கு ராத்திரி பகலா மனப்பாடம்."

காற்று அடித்தது. தூரத்தில் இயந்திரம் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தது.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள் ரெனிட்டா.

"ஒண்ணும் சொல்லல." வாண்டா கைக்குட்டையை மடித்தாள். "கையெழுத்துப் போட்டேன். அடுத்த ஆளை வரச் சொன்னேன்."

அவள் இன்னும் எதற்கோ காத்திருந்தாள். ரெனிட்டா கார்க் கதவைத் திறந்து, பெரியம்மாவை உள்ளே உட்கார வைத்து, தடியை வாங்கிப் பின்னால் போட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

வீடு நிறையச் சொந்தக்காரர்கள். வறுத்த கோழி, மக்ரோனி, பன்றி இறைச்சி போட்டு வேகவைத்த கீரை, எல்லாம் தட்டுத் தட்டாக வந்து இறங்கியது. சபையில் நடந்ததைத்தான் எல்லோரும் பேசினார்கள். "கேமராக்காரன் எல்லாத்தையும் புடிச்சிட்டான்" என்றார் ஒரு மாமா. "இனி ஒருத்தனும் மறைக்க முடியாது. நாடே பாக்கப் போகுது." ஆறு மணிச் செய்திக்கு முன்னால் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். ரெனிட்டா டெஸ்ஸாவின் காலடியில், தரையில் உட்கார்ந்தாள்.

தீ விபத்து. பனிப்புயல் எச்சரிக்கை. கடைசியாக அது வந்தது.

"தனது பின்னணிப் பாடகிக்குக் கண்ணீருடன் விடை கொடுத்தார் ஜிசெல்" என்றாள் செய்தி வாசிப்பவள். சபையின் முன்கதவு, பூக்கள். பெட்டியின் ஒரு மூலை மட்டும் தெரிந்தது. பிறகு மைக் முன்னால் ஜிசெல். முகவாய் உயர்ந்தது, கண்கள் மூடின, உதடுகள் திறந்தன. அந்த மௌனத்தின் மேல் இசைத்தட்டை ஓடவிட்டிருந்தார்கள். உதடும் பாட்டும் கச்சிதமாகப் பொருந்தின. எர்லீனின் குரல் அந்த வாயிலிருந்து எழுந்து அறையை நிரப்பியது.

மாமா தட்டைக் கீழே வைத்தார். "அடப் பாவிகளா" என்றாள் யாரோ. ஒருவன் டி.வி.யை அணைக்க எழுந்தான்.

"இரு" என்றாள் டெஸ்ஸா. "சத்தத்தைக் கூட்டு."

அவன் நின்றான். ரெனிட்டா கையை நீட்டி டி.வி.யின் சத்தக் குமிழைத் திருகினாள். டெஸ்ஸா முகத்தைத் திரையிலிருந்து ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் மற்றவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பிக்கொண்டார்கள். வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. பாட்டு முடிகிறவரை யாரும் தட்டைத் தொடவில்லை.