சாரலுக்கு வார்த்த மெழுகு

சத்யபிரியாவின் சுருதிக்கு வீணை ரிப்பேர்க்காரர் முகம்மது கனி போட்ட விலை ஏழாயிரம். அவள் நாலாயிரத்தில் ஆரம்பித்தாள். தென்காசிக் கடைவீதியில் கல்யாணப் பட்டுக்குக்கூட அத்தனை இழுபறி நடந்திருக்காது. வீணையில் விரல் வைக்கும் இருபத்துநாலு பித்தளை மெட்டுகளிலும் கம்பி உரசிப் பள்ளம் விழுந்திருந்தது. பழையதைப் பிடுங்கி, புது மெழுகு வார்த்து, புது மெட்டு பதிக்க வேண்டும். ஐயாயிரத்து ஐநூறில் படிந்தது. பேரத்தில் ஜெயித்த மிதப்பில், எப்போதும் முதலில் கேட்கிற கேள்வியைக் கனி கேட்காமல் விட்டார்: எந்த ஊரில் வாசிக்கப் போகிறாய்?

மெழுகில் குங்கிலியம் கூடினால் இறுகும், குறைந்தால் இளகும். குற்றாலச் சாரலின் குளிருக்கு இளக்கமாக இருந்தால்தான் வெடிக்காது. வழக்கம்போல அப்படியே வார்த்துக் கொடுத்துவிட்டார்.

வீணை போன மறுநாள் காலை, மிச்சப் பணத்தோடு அவள் புருஷன் மணிகண்டபிரபு வந்தான். பாட்டு டீச்சர் வேலைக்குப் பதினொரு மணிக்கு வாசித்துக் காட்டவேண்டும், அவள் அப்போதே கார் பிடித்துத் திருவேங்கடம் போய்விட்டாள் என்றான்.

திருவேங்கடம் என்றதும் கனி எழுந்துவிட்டார். வெயில் கொளுத்தும் கரிசல் ஊர்; அங்கே சாரல் ஏது? அவன் பைக்கிலேயே தொற்றிக்கொண்டார்.

போய்ச் சேர்ந்தபோது மணி பத்து நாற்பது. பள்ளிக்கூடத் தகரக் கூரைக்கடியில் வீணை வெந்துகொண்டிருந்தது. மெழுகு இளகி, மேல் ஸ்தாயியில் மூன்று மெட்டுகள் சாய்ந்து கிடந்தன.

"என் பொழப்பையில்லா சாய்ச்சுட்டிய, பாய்" என்றாள் சத்யபிரியா.

"அவ்வளவு பேரம் பேசுன வாயால ஊரையும் சொல்லியிருக்கலாம்லா."

"கேக்க வேண்டியது யாரு?"

கனி வீணைமுன் உட்கார்ந்தார். ஓர் இரும்புக் கம்பியைச் சுடவைத்து, மெழுகை இளக்கி மெட்டுகளை நிமிர்த்தினார். சோடாக்கடை ஐஸைப் பையில் கட்டி மெழுகின்மேல் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"மேல போவாத. போனாலும் கம்பிய இழுக்காத. இழுத்தா மெட்டு சாஞ்சிரும்."

உள்ளே கூப்பிட்டார்கள். கனி ஜன்னலோரம் நின்றார். கீழே வாசித்தவரை பழுதில்லை. பிறகு, மேல் ஸ்தாயியைக் கொஞ்சம் கேட்கலாமே என்றார் தேர்வாளர். அவள் விரல் ஏறியது. மெட்டு அசைந்ததைக் கனி கண்ணால் பார்த்தார். ஸ்வரம் இறங்கப்போன கணத்தில் அவள் கம்பியை இழுத்தாள். விரலாலேயே சுருதியைத் தூக்கி நிறுத்தி, இறங்கி வந்து முடித்தாள். அவள் கையெடுத்ததும் மெட்டு படுத்துவிட்டது.

அரைமணி கழித்து வெளியே வந்தாள்.

"வேலை கிடைச்சிட்டு. இனி இங்கனதான் கெடக்கணும். இந்த வெயிலுக்கு வார்த்துத் தாங்க, பாய்."

இந்த முறை இருவரும் பேரம் பேசவில்லை. கனி ரசீதின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார்: வரவு ஐயாயிரத்து ஐநூறு. கனி தரவேண்டியது, குங்கிலியம் கூட்டி மெழுகு வார்ப்பு ஒன்று. கூலி இல்லை. ஊர்: திருவேங்கடம்.