சைமன் சாருக்கு நாலு நட்சத்திரம்

எங்கள் வரலாற்று ஆசிரியர் சைமன் சார் கௌரவ விரிவுரையாளர். அவரை அடுத்த வருடமும் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று கல்லூரி ஒவ்வொரு கோடையிலும் யோசிக்கும். இந்த முறை யோசிக்கும் வேலையை எங்களிடம் தள்ளிவிட்டது. கைபேசியில் ஒரு படிவம் வந்தது. ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஐந்து நட்சத்திரத்துக்கு எத்தனை என்று போட்டு, கீழே ஒரு வரி கருத்தும் எழுத வேண்டும். குறைந்தால் ஆள் மாறும்.

சைமன் சார் போகக்கூடாது என்பதில் வகுப்பில் இரண்டு கருத்து இல்லை. அவர் பாடம் நடத்துவது அப்படி. வருகைப் பதிவு எடுப்பதும் அப்படித்தான். மழையால் பண்ணைக்காட்டுப் பஸ் தாமதம் என்றால் ஒப்புக்கொள்வார், மழை பழனியில் பெய்திருந்தாலும்.

எல்லோரும் ஐந்து போட்டுவிடலாம் என்றாள் ஹெப்சிபா. விடுமுறையில் ஹோம்ஸ்டேயில் வேலை பார்க்கும் ஜெயமுருகன் தடுத்தான்.

"ஏ புள்ள, எல்லாம் அஞ்சுன்னா சொந்தக்காரன் போட்டதுன்னு நெனைப்பாய்ங்க. நாலு போடு. வியூ அருமை, வெந்நீர் மட்டும் லேட்டுன்னு எழுதுனாத்தான் நம்பி ரூம் எடுப்பாங்க."

சைமன் சாரிடம் வெந்நீர் அளவுக்கு என்ன குறை என்று ஒரு மதியம் முழுக்கத் தேடினோம். கடைசியில் எல்லோரும் ஒரே வரியை எழுதினோம்: மணி அடித்த பிறகும் வகுப்பை விடமாட்டார்.

ஜெயமுருகன் சொன்னது பலித்தது. மற்றவர்களுக்கு விழுந்த ஐந்துகளை முதல்வர் நம்பவே இல்லையாம். சைமன் சாருக்கு வந்ததுதான் நேர்மையான கருத்து என்று இன்னொரு வருடம் கொடுத்தார். அந்த ஒரு குறையைத் திருத்திக்கொள்வதாகக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

புது வருடத்தின் முதல் வகுப்பு. நெப்போலியனின் படை ரஷ்யாவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தது. குதிரைகளைத் தின்று தீர்த்தாயிற்று. எதிரே ஆறு, பாலம் இல்லை. பின்னால் ரஷ்யர்கள். மணி அடித்தது. சார் சாக்பீஸை வைத்துவிட்டுப் பையை எடுத்தார்.

யாரும் எழுந்திருக்கவில்லை. கேன்டீனில் சூடாக போண்டா போடும் நேரம் அது.

"சார், ஆத்தத் தாண்டுனாங்களா இல்லயா?" என்றாள் ஹெப்சிபா.

"மணி அடிச்சிருச்சேம்மா" என்றார் சார். "ஒருத்தர் ரெண்டு பேர் எழுதியிருந்தாக்கூட கண்டுக்காம விட்டுருப்பேன். முப்பத்தெட்டுப் பேருல்ல எழுதியிருக்கீங்க."

பஸ் நிலையம் வரை பின்னாலேயே போய்க் கெஞ்சினோம். வழியெல்லாம் தாண்டிக்குடியில் மிளகு விளைச்சல் எப்படி என்று விசாரித்துக்கொண்டே வந்தார். படை இன்னும் இக்கரையில்தான் நிற்கிறது. அடுத்த வகுப்பு வியாழக்கிழமை.