சாந்து பூசிய கரை

கீழ்வானம் வெளுத்துக் கதிரவன் இன்னும் மாடங்களின்மேல் ஏறாத வேளை. நகரின் நடுவே வளைந்தோடும் ஆற்றின்மேல் வெண்பனி மெல்லிய துகில்போல் படிந்திருக்க, நாணற்புதர்களின் அடியில் நீர்க்கோழிகள் தம் குஞ்சுகளை முன்னே விட்டுப் பின்னே நீந்த, கரையோரப் பாதையில் எவர் காலடியும் படாத ஈரமண் மணந்துகொண்டிருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் இவ்விடம் இடிந்த கட்டடங்களின் கற்குவியலும் ஆலைக் கழிவும் கொட்டப்பட்டு, மூக்கைப் பொத்தாமல் கடக்கவியலாக் குப்பைமேடாய்க் கிடந்தது என்று சொன்னால், இன்று காண்போர் நம்பார். முள்வேலிக்கு அப்பால் ஓர் ஆறு ஓடுகிறது என்பதை அத்தெருக்களின் பிள்ளைகள் அதன் நாற்றத்தால் மட்டுமே அறிந்திருந்தனர்.

அந்நிலையை மாற்றியவர்கள் அத்தெருக்களின் மக்களே. பேருந்து ஓட்டுநரும் செவிலியும் தையற்காரரும் ஓய்வுநாள்தோறும் மண்வெட்டியும் கூடையுமாய் வந்து, கல் பொறுக்கி, வேலி அகற்றி, ஆற்றுக்கு வழியமைத்து, கரையைப் பூங்காவாக்கினர். அவர்களை வழிநடத்தியோர் இருவர்: அருகிலேயே மருத்துவமனை வைத்திருந்த பல் மருத்துவர் ஒருத்தி, மற்றவர் அவளுடைய அண்ணன், பூங்காக் குழுவின் தலைவர். இசைவு கேட்டு அலுவலகப் படிகளில் ஏறி இறங்குவது அண்ணனுக்கும், மண்ணோடும் நீரோடும் மல்லுக்கட்டுவது தங்கைக்கும் என வேலை தானாகவே பிரிந்துகொண்டது. அவர் படியேறித் தேய்ந்த செருப்புகளை எண்ணினால் ஒரு கடையே வைக்கலாம் என்று ஓட்டுநர் கேலி செய்வார்.

ஆற்றை மீட்பது எப்படி என்பதைத் தங்கை நன்கு கற்றிருந்தாள். நாணலை நட்டால் அதன் தாள்கள் ஓடும் நீரின் விரைவைக் குறைக்கும். விரைவு குறைந்த நீர் தான் சுமந்துவந்த வண்டலை அங்கேயே இறக்கிவைக்கும். அவ்வண்டலில் வேர் மேலும் படர்ந்து கரையைக் கட்டும். பட்ட மரமொன்றை ஆழமற்ற நீரில் சாய்த்துவைத்தால் அதன் கிளைகளுக்கிடையே மீன்குஞ்சுகள் ஒளிந்து வளரும். இவ்வாறே ஆற்றின் வளைவில் மணற்பாங்கான கரையைச் செங்குத்தாகச் செதுக்கி, ஆளுயர மண்சுவர் ஒன்றையும் அவள் அமைத்திருந்தாள். அது பஞ்சுருட்டான் எனும் பசும்பறவைக்காக. கொம்பிற் கூடு கட்டாத அப்பறவை, செங்குத்தான கரையில் அலகாற் குடைந்து, ஒரு கை நீளத்துக்கு உள்ளே சென்று, முடிவில் சிற்றறை அமைத்து முட்டையிடும். அவ்வறைக்குப் பலகணி கிடையாது. ஆயினும் குஞ்சுகள் மூச்சுத் திணறுவதில்லை. ஏனெனில் தாயும் தந்தையும் இரையோடு நுழைந்து வெளியேறும் ஒவ்வொரு முறையும், குழாய்க்குள் தள்ளி இழுக்கும் தண்டினைப்போல, உள்ளிருக்கும் பழங்காற்றை வெளியேற்றிப் புதுக்காற்றை இழுத்துவிடுகின்றன. ஊட்டும் உழைப்பே உயிர்க்காற்றாகவும் ஆகும் அவ்வமைப்பை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு வியப்பு அடங்காது. அவ்வாண்டுதான் முதன்முறையாகப் பறவைகள் வந்து குடியேறியிருந்தன. கூட்டம் கூடிவிடும் என்றஞ்சி அவள் அதை எவரிடமும் சொல்லவில்லை.

அன்று பூங்காவின் திறப்புவிழா. அமைச்சர் வருகிறார். விழாவுக்கு முன்பு கரையைச் சுற்றிப் பார்க்க வந்த மருத்துவர், ஆற்றின் வளைவை அடைந்ததும் நின்றாள். அவள் செதுக்கிய மண்சுவர் அங்கில்லை. அதனிடத்தில், சலவை செய்து விரித்த வேட்டிபோல, மழமழவென்று சாந்து பூசிய வெண்சுவர் ஒன்று நின்றது. அதன் முன்னே அலகில் தும்பியைக் கவ்வியபடி பச்சைப் பறவைகள் சிறகடித்து நின்று, முட்டி, விலகி, மீண்டும் முட்டிக்கொண்டிருந்தன.

"எப்படி இருக்கு பாத்தியா?" என்று பின்னாலிருந்து அண்ணனின் குரல் பெருமிதத்தோடு ஒலித்தது. "நீ பாதியில விட்ட வேலை. நேத்து சாயங்காலம் கொத்தனாரைக் கூட்டிவந்து முடிச்சுட்டேன். ஒரே ஓட்டையும் ஒடிசலுமா இருந்துச்சு."

"அந்த ஓட்டைக்குள்ள குஞ்சு இருக்கு அண்ணே."

"என்ன குஞ்சு? எலிப் பொந்துதானே அது?"

"மேல பாரு. எலிக்கா இதெல்லாம் இரை கொண்டுவந்து நிக்குது?"

அண்ணன் பார்த்தார். பார்த்ததும் முகம் சுருங்கியது; சுருங்கிய முகம், தவறு செய்த பெரிய மனிதர் பலருக்கும் நேர்வதுபோல, உடனே சினமாய் மாறியது. "ஒரு வார்த்தை எங்கிட்ட சொன்னியா நீ?"

"சொல்லியிருந்தா அதுக்கும் ஒரு பலகை வச்சு, விளக்குப் போட்டு, ஊரையே கூட்டிவந்து காட்டியிருப்ப."

"சரி, நடந்தது நடந்துபோச்சு. அமைச்சர் வந்துட்டுப் போகட்டும். ஒரு மணி நேரம். அப்புறம் நானே உடைச்சுத் தரேன்."

"ஒரு மணி நேரம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருடான்னு உன் பேரன்கிட்ட சொல்லுவியா?"

விடைக்குக் காத்திராமல் அவள் தன் மருத்துவமனைக்கு விரைந்தாள். சாய்விருக்கையும் வளைகழுத்து விளக்கும் நீர்க்கிண்ணமுமாய் அவ்வறை நாளின் முதல் நோயாளிக்குக் காத்திருந்தது. வாய்க்குள் நுழைக்கும் காம்புக் கண்ணாடி, கூர்முனைக் கம்பிகள், மெல்லிய உளிகள், கைவிளக்கு ஆகியவற்றை ஒரு துணியிற் சுருட்டினாள். துளைக்கும் கருவியைத் தொட்டுப் பார்த்து விட்டுவிட்டாள். அதன் அதிர்வில் மணல் சரிந்து குஞ்சுகளையே புதைத்துவிடும்.

அவள் திரும்பி வருவதற்குள் பூங்காவின் குறுக்கே கயிறு கட்டப்பட்டுவிட்டது. படிப்போரே, அக்காட்சியைச் சற்று நினைத்துப் பாருங்கள். தோளில் கல் சுமந்தோரும், முழங்கால் சேற்றில் நின்று நாணல் நட்டோரும், தாம் அமைத்த பூங்காவின் வாயிலில் அயலாரைப்போல் கயிற்றுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தனர். ஒருநாளும் அவ்வாற்றைத் திரும்பிப் பாராதோர்க்கு உள்ளே மெத்தை தைத்த நாற்காலிகள் வரிசையாய் இடப்பட்டிருந்தன. உழைத்தவனை ஓரம் தள்ளிவிட்டு, வெட்டும் கத்தரிக்கோலைத் தட்டில் ஏந்தி நிற்கும் இவ்வழக்கத்தைக் கண்டும் கொதிக்காத நெஞ்சம் நெஞ்சமோ?

"அம்மா, கயிறு தாண்டக்கூடாது," என்றான் காவலன். "விழா முடியற வரைக்கும் பொதுமக்களுக்கு அனுமதி இல்ல."

"பொதுமக்கள் பூங்கான்னு இந்தா பெரிய எழுத்துல எழுதியிருக்கே," என்றார் ஓட்டுநர். "அதைப் படிச்சுட்டுத்தான் கயிறு கட்டினீங்களா, படிக்காம கட்டினீங்களா?"

மருத்துவர் நடந்ததை இரண்டே வரியிற் சொன்னாள். செவிலி குனிந்து கயிற்றைத் தன் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தாள். அதன்கீழ் முதலில் மருத்துவர் நுழைந்தாள், பின் ஓட்டுநர், பின் தையற்காரர், பின் அணை உடைந்த வெள்ளம்போல் எல்லாருமே. காவலன் யாரைத் தடுப்பதென்று தெரியாமல் தன் தொப்பியைச் சரிசெய்துகொண்டான்.

சுவரோ துளையின் சுவடே தெரியாமல் வழவழத்தது. வழி காட்டியவை பறவைகளே. ஆட்களைக் கண்டு எழுந்து பறந்தாலும், ஒவ்வோர் இணையும் தன் வாயில் இருந்த இடத்துக்கே நூல் பிடித்தாற்போல் திரும்பி வந்தது. பறவை முட்டிய இடத்திலெல்லாம் செவிலி கரியாற் புள்ளி வைத்தாள். ஓங்கி உடைக்கக் கிளம்பிய தையற்காரரின் கையை மருத்துவர் பிடித்து நிறுத்தினாள். அடித்து உடைத்தால் கட்டி உள்நோக்கிச் சரிந்து வழியை அடைக்கும். ஆகவே அடைப்பைச் சுற்றி வட்டமாகக் கீறி, ஈரம் முற்றும் உலராத சாந்தைக் கம்பியால் மெல்ல அசைத்து, வேரோடு பல்லை எடுப்பதுபோல் வெளிப்புறமாகவே இழுக்க வேண்டும்.

"என் பல்லைப் பிடுங்கினப்ப இவ்வளவு பதமா பிடுங்கலையே டாக்டர்," என்றார் விளக்குப் பிடித்த ஓட்டுநர்.

"உங்க பல்லு காத்தில்லாம கிடக்கல. ஆட்டாம பிடிங்க."

முதல் அடைப்பு வந்தது. காம்புக் கண்ணாடியை உள்ளே செலுத்தி ஒளியைத் திருப்பினாள். சிறு அறையின் இருளில், ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சாய்ந்து கிடந்த குஞ்சுகளில் ஒன்று தலையைத் தூக்கி வாயைப் பிளந்தது. "இருக்கு," என்றாள். அச்சொல் வாயிலிருந்து வாய்க்குத் தாவி ஆற்றின் வளைவு முழுதும் பரவிற்று. அடுத்ததிலும் உயிர் இருந்தது, அதற்கடுத்ததிலும். தாய்ப்பறவை அவள் தோளை உரசிக்கொண்டு தும்பியோடு உள்ளே நுழைந்தது.

கடைசித் துளையைக் கொத்தனார் அடி ஆழம்வரை அழுத்தி அடைத்திருந்தார். பணியில் அவருக்கு அவ்வளவு நேர்மை. அதை இழுத்து எடுத்து உள்ளே நோக்கிய மருத்துவர் நெடுநேரம் கண்ணாடியை அசைக்கவில்லை. பின்பு துளையை மெல்ல அகலப்படுத்தி, தோள்வரை கையை நுழைத்து, அசைவற்ற குஞ்சுகளை ஒவ்வொன்றாய் வெளியே எடுத்தாள். இறகின் குருத்துகள் அப்போதுதான் பச்சை காட்டத் தொடங்கியிருந்தன.

அவ்வேளை அண்ணன் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். "அமைச்சர் வண்டி வந்துடுச்சு. எல்லாரும் ஏன் இங்க நிக்கறீங்க? இந்தப் பக்கம் அவர் கண்ணு பட்டா என் மானம் என்னாகுறது?"

"கையை நீட்டு அண்ணே."

சிறுவயதில் ஒருவர்க்கொருவர் தின்பண்டம் பகிர்ந்த பழக்கமோ என்னவோ, ஏனென்று கேட்காமலே அவர் கை நீண்டது. அதில் அவள் அவற்றை வைத்தாள்.

"கொண்டுபோய்க் காட்டு. சுவரு அழகா இருக்கான்னு கேளு."

அவர் ஆண்டுக்கணக்கில் படியேறியதும் பொய்யன்று. ஒரே மாலையில் அத்தனையையும் கெடுத்ததும் பொய்யன்று. இரண்டையும் ஒரே உள்ளங்கையில் ஏந்தியவர்போல் அவர் திரும்பி மேடையை நோக்கி நடந்தார்.

அமைச்சர் மலர்ந்த முகத்தோடு எதிர்வந்து கை நீட்டினார். "தலைவரே, ரொம்பச் சுத்தமா வச்சிருக்கீங்க."

அண்ணன் விரல்களை விரித்தார்.

"என்ன இது?"

"சுத்தம் பண்ணினது ஐயா. நான்தான் பண்ணினேன்."

நீண்ட கை பின்வாங்கிற்று. உதவியாளர் காதோரம் ஏதோ முணுமுணுத்தார். தட்டு முன்னே வந்தது. பட்டு நாடா வெட்டப்பட்டது. நாற்காலிகளிலிருந்து கைதட்டலும் எழுந்தது. யாருக்காக அந்த வழி திறக்கப்பட்டதோ, அவர்கள் அனைவரும் முன்னரே உள்ளே சென்று ஆற்றங்கரையில் நின்றிருந்தார்கள். அமைச்சரின் வண்டி ஆற்றின் வளைவுக்கு வராமலே திரும்பிப் போயிற்று.

அதன்பின் அண்ணன் விழாவுக்கு உடுத்திய வெள்ளாடையோடு சுவரடியில் அமர்ந்து, எஞ்சிய சாந்தை நகத்தால் சுரண்டத் தொடங்கினார். தங்கை அவரைத் தடுக்கவுமில்லை, தேற்றவுமில்லை. ஓர் உளியை மட்டும் அவர் பக்கமாகத் தள்ளி வைத்தாள்.

அழகு என்ற பெயரால் நிகழும் கொடுமைக்குக் குருதி தெறிப்பதில்லை; ஓலமும் கேட்பதில்லை. சாந்து பூசிய கரணையைக் கழுவிவைத்துவிட்டு மனநிறைவோடு உறங்கப் போகும் நல்லவர்களின் கையாலேயே அது முடிந்துவிடுகிறது. ஓர் உயிரின் வாயில் நம் கண்ணுக்கு வெறும் ஓட்டையாய்த் தோன்றுமளவுக்கு நாம் தூய்மையைக் கற்றுவிட்டோமெனில், அக்கல்வியை எந்த ஆற்றில் கொண்டுபோய்க் கரைப்பது? அன்று பொழுது சாயும்வரை அந்தக் கடைசித் துளையின் வாயிலில் ஓர் இணைப்பறவை, அலகில் தும்பியோடு வந்து நுழைவதும், அதே தும்பியோடு வெளியே வருவதுமாக இருந்தது.