வரி நெருங்கிய மனு

மின்சாரம் வந்தால்தான் தனுஷ்கோடியின் மிளகாய் பிழைக்கும். பரளச்சியில் வானம் கைவிட்டாயிற்று. கமலை இழுத்துத் தண்ணீர் இறைத்த மாடுகளும் ஓய்ந்துவிட்டன. கிணற்று மோட்டாருக்கு இணைப்புக் கேட்டு மனு எழுத, அவர் அருப்புக்கோட்டை டைப் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மதியத்துக்குள் கொடுக்காவிட்டால் மின்சார ஆபீஸ் இன்ஜினீயர் மதுரைக்குப் போய்விடுவார். திரும்பி வருவதற்குள் செடி கருகிவிடும்.

தனுஷ்கோடிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆகவே தன்னை ஏமாற்ற முடியாது என்று நம்பினார். படித்தவன் எழுத்தைப் பார்ப்பான். இவர் ஆளைப் பார்ப்பார். டைப் அடிக்கும் இன்பராஜ், இவருடைய பங்காளி ஐயாத்துரையோடு உட்கார்ந்து வடை தின்றதைக் கண்ணால் கண்டிருக்கிறார். கிணற்றில் பாதி ஐயாத்துரைக்கு. மீதிப் பாதியையும் அவன் பேருக்கு மனுவில் நுழைத்துவிட்டால்?

பாதித் தாளில் இன்பராஜ் மெஷினின் ஓரத்திலிருந்த குட்டிப் பிடியைத் தள்ளினான். தாளை உருவவில்லை. அடிப்பதையும் நிறுத்தவில்லை. அதுவரை கால் நீட்டிப் படுத்திருந்த வரிகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன.

"ஏப்பா, நிப்பாட்டு. இங்கன மட்டும் என்ன ரகசியம் பேசுறாக?"

"ஒரே தாள்ல அடங்கணும்னு வரிய நெருக்குனேன் அண்ணாச்சி."

"தாளக் கழட்டி மாட்டாம எப்படி நெருங்கும்?"

"பஸ்ஸ நிப்பாட்டிட்டா கியர மாத்துறாக?"

"அதான் பாதிப் பேரு ஊரு போய்ச் சேரல. மொதல்ல இருந்து அடி."

இன்பராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு புதுத்தாள் மாட்டி, கடைசி வரி வரை தாராளமாக இடம் விட்டு அடித்தான். மனு இரண்டு தாளாயிற்று. தனுஷ்கோடி அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். வரிக்கு வரி வெள்ளை. ஒரு பங்காளி குடும்பத்தோடு குடியேறலாம்.

"இம்புட்டு எடம் யாருக்கு விட்ருக்க?"

இன்பராஜ் கைநாட்டுக்கு மைத்தட்டை நீட்டினான். தனுஷ்கோடி கட்டை விரலைத் தோய்த்து, முதல் இடைவெளியிலிருந்து வரிசையாக உருட்ட ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி, ஒண்ணு போதும்!"

"ஒனக்குப் போதும்."

அவர் ஓட்டமாகப் போனபோது இன்ஜினீயர் ஜீப்பில் ஒரு கால் வைத்திருந்தார். தாளைத் திருப்பினார். இரண்டு தாளிலும் ஊதா ரேகை.

"ஒரு எழுத்தும் தெரியலையே பெரியவரே. சரி, வாயால சொல்லுங்க, குறிச்சுக்கிறேன். என்ன வேணும்?"

தனுஷ்கோடி சுற்றும் முற்றும் பார்த்தார். டிரைவர் காது கொடுத்துக்கொண்டிருந்தான்.

"நாலு பேரு நிக்கையில அதச் சொல்லுவனாக்கும்?"

ஜீப் மதுரைக்குப் புறப்பட்டது. மனுவை மடியில் செருகிக்கொண்டு அவர் பஸ்ஸுக்கு நடந்தார். அதில் எவனாலும் ஓர் எழுத்தைக்கூட நுழைத்துவிட முடியவில்லை.