கண் இமைப்பதற்குள் ஆயிரம் ரத்த வங்கிகள்

அலுவலகம் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் 'சல்லடை'. எந்தத் தப்பும் அவளைத் தாண்டி வெளியே போகாது. இன்று மதியம் ஒரு புதிய மருத்துவமனையின் ரத்த வங்கிக்கு அவர்களுடைய மென்பொருள் போகிறது. அதற்கு அவள் சம்மதம் வேண்டும்.

திரையில் எல்லாச் சோதனைகளும் பச்சை. மனசு மட்டும் ஒப்பவில்லை. பொருந்தாத ரத்தத்தை மென்பொருள் மறுக்கிறதா என்ற ஒரே ஒரு சோதனையைத் தனியாக ஓட்டினாள்.

சிவப்பு.

"கூட்டத்தோட ஓடினா பாஸ், தனியா ஓடினா ஃபெயிலா?" நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான் அவள் கொழுந்தன். மென்பொருளை எழுதியவன் அவன்தான். "டெஸ்ட்டுக்குப் பேய் பிடிச்சிருக்கு அண்ணி. விடுங்க, இன்ஸ்டால் பண்ற ஆளுங்க வண்டியில உக்காந்தாச்சு."

"பேய்க்கு வேற வேலை இல்ல பாரு. உன் டெஸ்ட் எல்லாம் ஒரே டேட்டாபேஸ்ல குடித்தனம் பண்ணுது. ஒண்ணு போட்ட குப்பையில இன்னொண்ணு கால் வைக்குது. ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் தனியா ஒரு டேட்டாபேஸ் கொடுத்துப் பார்ப்போம்."

"ஆயிரக்கணக்குல இருக்கே அண்ணி. என் பேரன்தான் ரிசல்ட் பார்ப்பான்."

"முதல்ல உனக்குப் பொண்ணு கிடைக்கட்டும்."

சில வரிகள் தட்டினாள். டிஸ்க்கில் எழுதினால்தானே நேரமாகும், எழுத வேண்டாம். மெமரியிலேயே ஒரு வெற்று டேட்டாபேஸ் பிறக்கட்டும், சோதனை முடிந்ததும் போகட்டும். ஓட்டினாள்.

அவன் தேநீரை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. கோப்பை அந்தரத்தில் நின்றது. சோதனைக்கு ஒன்றாக ஆயிரக்கணக்கான ரத்த வங்கிகள் மெமரிக்குள் பிறந்து, நோயாளிகள் வந்து, பைகள் கைமாறி, சுவடே இல்லாமல் மறைந்திருந்தன. அவளுக்கே உடம்பு சிலிர்த்தது.

"எங்க போச்சு அவ்வளவும்?" என்றான்.

"எங்கயும் இல்ல."

அந்தப் பச்சைக்கு நடுவே ஒற்றைச் சிவப்பு. அதே சோதனை.

இப்போது புரிந்தது. எந்த ரத்தம் எதோடு சேராது என்ற விதிகளை வேறொரு சோதனை தன் தேவைக்குப் பொது டேட்டாபேஸில் எழுதிவிட்டு, அழிக்காமல் போயிருந்தது. அந்த மிச்சத்தின் மேல்தான் இத்தனை நாள் பச்சை நின்றது. ஒவ்வொரு ஓட்டமும் வெற்று டேட்டாபேஸில் தொடங்குவதால், தனியாக ஓட்டியபோது அந்த மிச்சம் இல்லை. மென்பொருளுக்குள் சொந்தமாக ஒரு விதியும் இல்லை. விதி இல்லாவிட்டால் எல்லாமே பொருந்தும் என்று பையை நீட்டிவிடும்.

புது மருத்துவமனையிலும் டேட்டாபேஸ் வெற்றாகத்தான் இருக்கும்.

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். "அண்ணி, நான்..."

"அப்புறம் அழு. விதிகளை உள்ள வை."

வைத்தான். விதி இல்லையென்றால் மறுத்துவிடு என்றும் எழுதினான். அவள் மறுபடி ஓட்டினாள். அத்தனை உலகங்களும் தோன்றின. ஒன்றையொன்று அறியாமலே மறைந்தன. சிவப்பே இல்லை.

"திருத்தினதை அனுப்பிட்டு, கிளம்பச் சொல்லு" என்றாள்.

அனுப்பிவிட்டுப் போனில் சொன்னான். கீழே வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. அவன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"இன்னொரு தடவை ஓட்டுங்க அண்ணி. சும்மா, பார்க்கணும்."