கட்டுண்டவளின் கேள்வி

என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவர், என் கையாலேயே ஒரு கிழவனைக் கொல்ல வைத்தபோது பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தார். பதற வேண்டாம், கிழவன் விளையாட்டில் வருகிறவன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் மருந்துக்கடையின் மாடியில் நாங்கள் நான்கைந்து பேர் கூடி விளையாடுவோம். கடைக்கார அண்ணன்தான் கதை சொல்வார். இருட்டுக் காடு, இடிந்த கோட்டை, கதவுக்குப் பின்னால் ஏதோ மூச்சு விடும் சத்தம் என்று அவர் சொல்லச் சொல்ல, நாங்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். செய்தது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். நான் வில் வைத்திருக்கும் வேவுக்காரி. அவர் மனைவி, எங்கள் அண்ணி, திருடி. எனக்குத் தம்பி வயதில் ஒருவன் கோடரி வைத்திருக்கும் குள்ளன். நிஜத்தில் அந்த மாடி வாசல் நிலையில் தலையை இடித்துக்கொள்ளாமல் அவன் ஒருநாளும் உள்ளே வந்ததில்லை, ஆனாலும் எல்லோருக்கும் அவன் குள்ளன்தான். என்னைக் கட்டிக்கொள்ளப் போகிற இவர் மந்திரவாதி.

போன வாரம் வரை மந்திரவாதி ஒரு பாவப்பட்ட பிறவி. விளக்கேற்றுவார், குரைக்கும் நாயைத் தூங்க வைப்பார், அதற்கே களைத்துப்போய்ச் சுவரோரம் உட்கார்ந்துவிடுவார். நாங்கள் கேலி செய்வோம். இந்த வாரம் அண்ணன் ஒரு புதுப் புத்தகம் வாங்கி வந்திருந்தார். மூல விளையாட்டோடு சேர்த்து ஆடுவதற்கான இணைப்பு. முழுக்க முழுக்கப் பேராற்றல் கொண்ட மந்திரவாதிகளைப் பற்றியது. அட்டையில் ஒருவன் கையை விரித்து நிற்க, கீழே ஒரு நகரமே தலைகீழாகத் தொங்கியது. இவர் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டவர்தான், மேசையில் திரும்ப வைக்கவே இல்லை.

இவரை நான் முதலில் குரலாகத்தான் அறிந்தேன். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் வேலை அவருக்கு. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில், ஃபிரேமுக்குத் தக்கபடி லென்ஸ் அரைப்பவள். கடை இருக்கும் கட்டடத்தின் லிஃப்ட் ஒருநாள் நடுவழியில் நின்று, விளக்கும் போய், நான் தனியாக மாட்டிக்கொண்டேன். சுவரில் இருந்த சின்ன ஸ்பீக்கரில் ஒரு குரல் வந்தது. "பதறாதீங்க. எந்த பட்டனையும் தொடாதீங்க. நான் பாத்துக்கறேன்." அவ்வளவு நிதானம். கதவு திறக்கும் வரை அந்தக் குரல் என்னோடு பேசிக்கொண்டே இருந்தது. வெளியே வந்து ஆளைப் பார்ப்பதற்கு முன்பே நான் விழுந்துவிட்டேன் என்பதுதான் உண்மை. இப்போது பத்திரிகை அச்சாகிவிட்டது. அடுத்த மாதம் கல்யாணம்.

அன்றைய கதையில், கோட்டையின் நிலவறையில் ஒரு காவற்காரக் கிழவன் கட்டுண்டு கிடந்தான். வழி காட்டினால் விட்டுவிடுவதாக வேவுக்காரி அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். வழியும் காட்டிவிட்டான். நான் கட்டை அவிழ்க்கிறேன் என்று சொன்னேன்.

"அவிழ்க்க வேண்டாம். வெளில போய் காட்டிக் கொடுத்துருவான்" என்றார் இவர்.

"வாக்கு குடுத்திருக்கேன். அவிழ்க்கறேன்."

"முழுவசம்" என்றார். புதுப் புத்தகத்தில் உள்ள மந்திரத்தின் பெயர் அது. வசப்பட்டவர் என்ன செய்கிறார், என்ன சொல்கிறார், என்ன நினைக்கிறார் என்பதையெல்லாம் மந்திரவாதியே சொல்வார். பகடை உருண்டது, அவருக்குச் சாதகமாக விழுந்தது. "அவ கயித்த விடறா. பதறல. வில்ல எடுக்கறா. ஏன் எடுக்கறோம்னு அவளுக்கே தெரியல. ஆனா மனசுல ஒரு நிம்மதி, யாரோ நம்மள பாத்துக்கறாங்கன்னு. அம்ப விடறா."

லிஃப்டில் கேட்ட குரல். அச்சு அசல் அதே குரல், அதே நிதானம். என் கையில் பென்சில்தான் இருந்தது, அதைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் மடிக்குள் ஒளித்துக்கொண்டேன்.

அண்ணனுக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்திருக்க வேண்டும். "டேய், எதிரி மேல போடற மந்திரம்டா இது. நம்ம ஆள் மேல போடறதுன்னா அவகிட்ட ஒரு வார்த்த கேட்டியா?" என்றார்.

"கேக்கணும்னு புக்ல இல்லையேண்ணே."

அண்ணன் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். இல்லைதான். ஆனால் அந்தப் புத்தகத்தில் பெரிய மந்திரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை வைத்திருந்தார்கள். முழுவசத்துக்கு என்ன விலை என்று அண்ணன் சத்தமாகப் படித்தார்: வசம் கலைந்ததும் மந்திரத்தில் கட்டுண்டவர் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம், மந்திரவாதி உண்மையை மட்டுமே சொல்ல வேண்டும். "கேளுக்கா, விடாத" என்று குள்ளன் மேசையைத் தட்டினான்.

சும்மா ஒரு விளையாட்டு, இதில் போய் பயப்படுவதா என்று என்னையே திட்டிக்கொண்டேன். எல்லோரும் பார்க்கிறார்களே என்று வாய்க்கு வந்ததைக் கேட்டுவைத்தேன். "என்கிட்ட முன்னாடியே கேட்டு, நான் மாட்டேன்னு சொல்லிருந்தா என்ன பண்ணிருப்பீங்க?"

அவர் நிஜமாகவே யோசித்தார். ஈர பிஸ்கட்டை வாயில் போட்டு, மென்று, விழுங்கி, என்னைப் பார்த்துப் பிரியமாகச் சிரித்தார்.

"கேட்டேனே. நீ மாட்டேன்னுதான் சொன்ன. அது இப்ப உனக்கு ஞாபகம் இல்ல, அவ்ளோதான்."

குள்ளன் விசிலடித்தான். அண்ணன் "அடப்பாவி, பேராற்றல்னா இதான்டா" என்று கைதட்டிவிட்டார். மந்திரவாதி பேசுவதற்கு அதைவிட நல்ல வசனம் கிடைக்காது, நானும் ஒத்துக்கொள்கிறேன். நானும் சிரித்தேன். அண்ணி மட்டும் சிரிக்காமல் காலிக் கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தார்.

சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் அந்தப் பேருந்து நிறுத்தம் ஞாபகத்துக்கு வந்தது. கடையில் எனக்குச் சாயங்கால வேலைதான் பல வருடமாக. இரண்டு மாதத்துக்கு முன்னால் இவர் முதலாளியிடம் பேசி அதைக் காலை வேலையாக மாற்றிவிட்டார். இருட்டில் தனியாக வர வேண்டாமே என்ற அக்கறை. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை, "இப்படிப் பாத்துக்கற மாப்பிள்ள யாருக்குடி கிடைப்பான்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். நாங்கள் இருவரும் பேசி எடுத்த முடிவு என்றுதான் நானும் இத்தனை நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய் சொல்கிறோம் என்று தோன்றியதே இல்லை. ஆனால் அதற்கு முன்னால் அந்த நிறுத்தத்தில், மழைக்கு ஒதுங்கி நின்றபோது, காலை வேலைக்கு மாறிக்கொள்கிறாயா என்று அவர் கேட்டார். நான் சொன்னேன். "மாட்டேங்க. சாயங்காலந்தான் கடை களைகட்டும், எனக்கு அதான் பிடிக்கும்." தெளிவாகச் சொன்னேன். அவர் என் தலையிலிருந்த ஈரத்தைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டார். அதற்கப்புறம் அந்த "மாட்டேன்" எங்கே போயிற்று?

தேட ஆரம்பித்தால் இன்னும் அகப்பட்டது. தோழிகளோடு ஊர் சுற்றப் போக இருந்தேன். எனக்குக் காய்ச்சல் என்று அவரே அவர்களுக்குப் போன் செய்து சொல்லிவிட்டார். எனக்கும் அன்று உடம்பு கொஞ்சம் சுட்டது போலத்தான் இப்போதுகூடத் தோன்றுகிறது. சுட்டதா? லென்ஸை ஒரு இழை கூடுதலாக அரைத்துவிட்டால் போனது போனதுதான், ஒட்டிவைக்க முடியாது. அப்படி என்னிடமிருந்து என்னென்ன போயிருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. விளையாட்டு எப்படி முடிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

கிளம்பும்போது அண்ணி படி வரைக்கும் வந்தார். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்டுக்குப் போனதும் எனக்கு ஒரு போன் பண்ணு" என்றார்.

"பண்ணுவா அண்ணி" என்றார் இவர், எனக்கு முன்னால் படி இறங்கிக்கொண்டே.

காரில் அவருக்கு நல்ல உற்சாகம். இன்றைக்கு நான் அருமையாக ஆடினேனாம். கேள்வி கேட்டபோது என் முகம் நிஜமாகவே வெளிறிப்போனதாம், நடிப்பென்றால் அதுதான் நடிப்பாம். நான் உம் கொட்டிக்கொண்டு வந்தேன். ஒரு மனிதர் விளையாட்டில் சொன்ன வசனத்துக்காகக் கல்யாணத்தை நிறுத்துகிறேன் என்று வீட்டில் போய் நின்றால், அம்மா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். காரணம் கேட்பார்கள். எதை எடுத்துக் காட்டுவது? ஈரத்தைத் துடைத்துவிட்டதையா? அவர் என்னை ஒருநாள்கூட அதட்டியதில்லை. அதுதான் பயமாக இருந்தது. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேனே.

பெட்ரோல் பங்க் தாண்டி இடதுபக்கம் திரும்பினால் எங்கள் தெரு. வண்டி திரும்பவில்லை.

"எங்க போறோம்?"

"ஒரு வீடு பாத்திருக்கேன், நமக்கு. சாவி வாங்கியாச்சு. உனக்கு ரொம்பப் பிடிக்கும்."

"நான் வீட்டுக்குப் போகணும்."

"போலாம். அத பாத்துட்டு."

நேற்றாக இருந்தால், சந்தோஷத்தில் அவர் தோளில் சாய்ந்திருப்பேன். வீட்டை நானே ஆசைப்பட்டுக் கேட்டதாக வாரக் கடைசிக்குள் எல்லோரிடமும் சொல்லியிருப்பேன். கண்ணாடிக்கு வெளியே எனக்குத் தெரிந்த கடைகள் முடிந்து, தெரியாத கடைகள் ஆரம்பித்தன. சாலையில் கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. இந்த முறை மறக்கக் கூடாது என்று ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திச் சொன்னேன்.

"வண்டிய நிறுத்துங்க."

"இதோ வந்தாச்சும்மா. பதறாத."

"நிறுத்துங்கன்னு சொல்றேன்." என் குரலா அது என்று எனக்கே சந்தேகமாக இருந்தது, அவ்வளவு சத்தமாக வந்தது.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. சிரிப்பு அப்படியே இருந்தது. அவர் என்ன சொல்லப் போகிறார் என்று நான் காத்திருக்கவில்லை. குனிந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே அந்த அரையிருட்டில், ஆக்ஸிலரேட்டர் மேல் இருந்த அவருடைய வலது கால் பிரேக்குக்கு நகருமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.